சுவாமிநாதனும் அவன் தோழரும்

கல்லூரி ஆண்டு மலர்களில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் காப்பியங்களையும் தத்துவ நூல்களையுமே பொருளாகக் கொள்வர். அவ்வழக்கினை நாம் குறை கூறவில்லை. ஆயினும், உயர்ந்த நூல்களைப் போற்றுவோர் யாவரும் அவற்றை உண்மையில் விரும்பிப் படிக்கின்றனரா என்று கேட்டால், பலர் விடையிறுக்கத் தயங்குவர். போற்றுதல் வேறு, விரும்புதல் வேறு. நாம் போற்றும் நூல்கள் பல. ஆனால் ஒரு நண்பர் நோயுற்றுக் கிடக்கையில் அவர் தலைமாட்டில் வைத்துவர எந்த நூலை எடுத்துச் செல்வோம்? அந்த நூலே நாம் விரும்பும் நூல். எமக்கு அத்தகைய நூல் ஒன்று உண்டு. அஃது ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஸ்வாமி அண்ட் பிரெண்ட்ஸ்’ என்னும் நாவலாகும். அதனை நம் கல்லூரி மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், பழைய மாணவர்க்கும் அறிமுகஞ் செய்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முன்னரே அறிந்தோர் மீண்டும் ஒருமுறை எம்முடன் மால்குடிக்கு வருவாராக.

நூல் தோன்றிய வரலாறு

நாராயண் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். அவர் தந்தையார் மைசூர் நாட்டிற் பள்ளித் தலைமையாசிரியராக விளங்கியவர். நாராயணோ சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். தாய்மொழி தமிழே, எழுதியது ஆங்கிலத்தில். பிற்காலத்திற் பல்லாயிரவர் விரும்பிப் படிக்கும் ஆங்கில நூல்களை இயற்றிய இவர், கல்லூரிப் புகுமுகத் தேர்வில் ஆங்கிலத்திலேயே தவறியவர் என்பது நம் மாணவர் சிலர்க்கு ஆறுதலளிக்கும் செய்தியாகும். பின்னர் மைசூர் மகாராஜா கல்லூரியிற் பயின்று 1930-இல் பி. ஏ. பட்டம் பெற்றார். சிறிது காலம் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு பார்த்தார். அது தமக்கு ஒவ்வாதெனக் கண்டு விலகி, எழுத்தையே தொழிலாகக் கொள்ளத் துணிந்தார்.

பாட்டியார் குறித்துக் கொடுத்த ஒரு நல்ல நாளில், பெங்களூரில், எழுதும் ஏடு ஒன்றை வாங்கிவந்து அமர்ந்தார் நாராயண். என்ன எழுதுவதென்று அறியாது பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சிற்றூரின் புகைவண்டி நிலையம் அவர் மனக்கண்முன் தோன்றிற்று. அந்நிலையத்தின் பெயர் மால்குடி. ஒரு நாட்டுப்படத்திலும் காணப்பெறாத இவ்வூர், அன்று தொடங்கிப் பல நாவல்களுக்கும் எண்ணற்ற சிறுகதைகளுக்கும் இருப்பிடமாயிற்று.

நாவலை எழுதி முடித்தது எளிதாயிற்று. அதனை அச்சேற்றுவது அரிதாயிற்று. இங்கிலாந்திலிருந்த பதிப்பாளர் ஒருவர் பின் ஒருவராக அதனைத் திருப்பியனுப்பினர். ஆக்ஸ்பர்டிற் பயின்றுகொண்டிருந்த பூர்ணா என்னும் நண்பரிடம் கையெழுத்துப்படி இருந்தது. மனமுடைந்த நாராயண், அதனைக் கல்லொன்றிற் கட்டித் தேம்ஸ் நதியில் அமிழ்த்திவிடுமாறு அந்நண்பருக்கு எழுதினார். நண்பர் அவ்வாறு செய்திலர். அதனை ஆங்கில நாவலாசிரியராகிய கிரகாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் அதனைப் படித்து மகிழ்ந்து, ஹாமிஷ் ஹாமில்டன் என்னும் பதிப்பாளருக்குப் பரிந்துரைத்தார். ‘ஸ்வாமி, தி டேட்’ என்று ஆசிரியர் இட்டிருந்த பெயரையும் மாற்றி, இப்போதுள்ள பெயரை ஆலோசனை கூறியவர் அவரே. நூல் 1935-ஆம் ஆண்டு வெளிவந்தது. மதிப்புரைகள் நன்றாயிருந்தன, விற்பனை நன்றாயில்லை. எனினும் ஆசிரியர் சோர்வடையாது 1937-இல் ‘தி பாச்சலர் ஆப் ஆர்ட்ஸ்’ என்னும் நாவலையும், 1945-இல் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ என்னும் நாவலையும் வெளியிட்டார். பள்ளிச் சிறுவன், கல்லூரி மாணவன், ஆசிரியன் என மூன்று பருவங்களையும் இம்மூன்று நூல்களிற் காணலாம். 2001-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் அவர் சென்னையில் இயற்கை எய்தினார்.

நட்பினைப் பற்றிய இந்நூல், ஒரு நண்பர் தம் நண்பரின் சொல்லைக் கேளாமையாற் பிழைத்தது என்பதை நினைவிற் கொள்க. சில வேளைகளில் நண்பர் சொல்லைக் கேளாதிருப்பதும் நட்பின் கடமைகளுள் ஒன்று போலும்.

கதைச் சுருக்கம்

சுவாமிநாதன் மால்குடியிலுள்ள ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் முதற்பாரத்திற் படிக்கும் சிறுவன். அவனுக்குத் தோழர் நால்வர். வகுப்புத் தலைவன் சோமு. எவருக்கும் அஞ்சாத, படிப்பிலும் நாட்டமில்லாத மணி. எல்லாப் பாடங்களிலும் முதல்வனாகிய சங்கரன். உருவிற் சிறியவனாதலின் பட்டாணி என்று அழைக்கப்பெற்ற சாமுவேல். இவ்வமைதியான உலகிற்குள் ராஜம் என்னும் புதிய மாணவன் வருகின்றான். அவன் போலீஸ் சூப்பரிண்டெண்டின் மகன். சென்னையில் ஆங்கிலச் சிறுவர் பள்ளியிற் பயின்றவன். நேர்த்தியான உடையும் சரளமான ஆங்கிலமும் உடையவன். அவனைச் சரயு நதியில் தூக்கியெறிவதாக மணி சூளுரைக்கின்றான். ஆற்றங்கரையிற் போர் என்று நாளும் குறிக்கப்படுகின்றது. மணி தடியோடும் ராஜம் காற்றுத் துப்பாக்கியோடும் வந்து சேர்கின்றனர். ஆனால், தாம் எதன்பொருட்டுப் பகைத்தோம் என்று இருவரும் ஆராய்ந்து பார்க்கையிற் காரணம் யாதும் அகப்படவில்லை. போர் நட்பாக முடிகின்றது. தூது சென்ற சுவாமிநாதனும் அந்நட்பில் மூன்றாமவனாகின்றான்.

பின்னர் 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், பம்பாயில் ஒரு தேசத் தொண்டர் சிறைப்பட்டதைக் கண்டித்து மால்குடியிற் பொதுக்கூட்டம் கூடுகின்றது. அந்நியத் துணிகள் எரிக்கப்படுகின்றன. சுவாமிநாதனும் தன் தொப்பியை நெருப்பிற் போடுகின்றான். மறுநாள் பள்ளிச் சன்னற் கண்ணாடிகளை உடைப்பதிலும் பங்கு கொள்கின்றான். தலைமையாசிரியர் பிரம்பை எடுத்தபோது பள்ளியை இகழ்ந்து பேசிவிட்டு ஓடிவிடுகின்றான். இந்நாவல் அச்சான ஆண்டு 1935. அதே ஆகஸ்டு 15, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் 1947-இல் நாடு விடுதலை பெற்ற நாளாக அமைந்தது. ஆசிரியர் அறிந்து எழுதியதன்று. ஆயினும் இன்று படிப்போர் அந்நாளைக் கண்டதும் ஒரு கணம் நின்றே செல்வர்.

அப்பால் சுவாமிநாதன் போர்டு உயர்நிலைப் பள்ளியிற் சேர்கின்றான். ராஜம் தலைமையில் சிறுவர் ஒரு கிரிக்கெட் சங்கம் அமைக்கின்றனர். பந்தெறிவதில் வல்லவனாகிய சுவாமிநாதனுக்கு, அக்காலத்தில் இங்கிலாந்து அணியிற் புகழ்பெற்ற மாரிஸ் டேட் என்பவரின் பெயரே பட்டப்பெயராகின்றது. ஆனால் புதிய பள்ளியில் மாலைதோறும் நடைபெறும் உடற்பயிற்சி வகுப்பு கிரிக்கெட்டிற்கு இடையூறாகின்றது. மருத்துவர் ஒருவர் பரிந்து பேசுவாரென்று நம்பிப் பயிற்சிக்குச் செல்லாதிருக்கின்றான், அந்நம்பிக்கை பொய்க்கின்றது. தலைமையாசிரியர் ஓங்கிய பிரம்பைப் பறித்துச் சன்னல் வழியே எறிந்துவிட்டு, இனி ஊரிற் புகலிடமில்லை எனக் கருதி ஓடிப்போகின்றான். மேம்பிக் காட்டுப் பாதையில் வழிதவறி, இருளில் அஞ்சி, மயங்கி வீழ்கின்றான். வண்டிக்காரன் ஒருவன் அவனைக் கண்டெடுக்கின்றான். வன அதிகாரி ஒருவர் உதவியால் வீடு சேர்கின்றான். ஆனால் இதற்கிடையில் நாட்கணக்கு அவனுக்குத் தவறிவிட்டது. அவன் எதிர்நோக்கியிருந்த பந்தயம் அவனில்லாமலே நடந்து, தோல்வியில் முடிந்துவிட்டது. ராஜம் அவனை மன்னிக்க மறுக்கின்றான். அடுத்து, ராஜத்தின் தந்தைக்கு வேறூருக்கு மாற்றல் வருகின்றது. கதையின் முடிவைப் பின்னர்க் கூறுவோம்.

நகையின் நிலைக்களன்

இந்நாவல் நகைச்சுவை மிக்கது என்று யாவரும் கூறுவர். அந்நகை எங்கிருந்து பிறக்கின்றது என்பதை ஆராய்தல் மாணவர்க்குப் பயன் தரும். இவ்வாராய்ச்சிக்கு நாம் வெளியே செல்ல வேண்டுவதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து நகையையே முதலில் வைத்தார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின்பாற் பிறக்குமென்றும் வகுத்தார். இந்நான்கிற்கும் மால்குடியில் எடுத்துக்காட்டு உண்டு.

முதலாவது இளமை. தந்தையார் ஒருநாள் சுவாமிநாதனுக்குக் கணக்கொன்று தருகின்றார். ராமனிடம் பத்து மாம்பழங்கள் உள்ளன. அவற்றால் அவன் பதினைந்து அணா ஈட்ட விரும்புகின்றான். கிருஷ்ணனுக்கு வேண்டியவை நான்கு பழங்களே. அவன் கொடுக்க வேண்டியது எவ்வளவு? ஆறணா என்று நாம் உடனே கூறிவிடுவோம். சுவாமிநாதனுக்கோ கணக்கைக் காட்டிலும் மாம்பழமே பெரிதாகத் தோன்றுகின்றது. பழங்கள் கனிந்தவையா, காயா என்று அவன் அறிய விரும்புகின்றான். ராமன் எப்படிப்பட்டவன், கிருஷ்ணன் எப்படிப்பட்டவன் என்றும் எண்ணுகின்றான். இறுதியில் விடையும் கண்ணீரும் ஒருங்கே வருகின்றன. இங்கு நாம் சிரிப்பது அவன் அறியாமையைக் கண்டு மட்டுமன்று. மாம்பழம் என்றால் மாம்பழத்தையே நினைக்கும் ஓர் உள்ளம் நம்மிடமும் முன்னொரு காலத்தில் இருந்தது. அதனை எந்த வகுப்பிலே விட்டு வந்தோம் என்பது நமக்கே தெரியாது. அந்நினைவே நகையாக வெளிப்படுகின்றது.

இரண்டாவது பேதைமை. தேர்வில், புலியின் தங்கக் காப்புக்கு ஆசைப்பட்டு உயிரிழந்த பிராமணன் கதையின் நீதி யாது என்ற வினா வருகின்றது. சங்கரன் ஒரு பக்கம் எழுதுகின்றான். சுவாமிநாதனோ ஒரே வரியில் முடித்துவிடுகின்றான்: புலி பொற்காப்பைக் கொடுக்க வந்தால் வாங்கலாகாது என்பதே அவன் கண்ட நீதி. பேராசை பெருநஷ்டம் என்று நாம் எழுதியிருப்போம். ஆனால் ஆராய்ந்து நோக்கின், அவன் விடையிற் பிழை யாது? கதை கூறியதை அவன் நேராகவே கண்டான். பொதுமை கூறுவதிற் பயிற்சி இல்லாமையைப் பேதைமை என்கின்றோம். பொதுமை மட்டுமே கூறத் தெரிந்த பெரியோர் பேதைமைக்குப் பெயர் இன்னும் ஏற்படவில்லை.

மூன்றாவது மடன். பிறர் ஏற்றியதை அப்படியே பற்றிக்கொண்டு விடாதிருத்தலை மடன் என்பர் உரைகாரர். தேர்வு நெருங்கும்போது சுவாமிநாதன் தனக்கு வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்று தயாரிக்கின்றான். வெள்ளைத்தாள், பேனா முட்கள், மை, குண்டூசி எனத் தொடங்கி, அடித்தும் திருத்தியும் எழுதியும் அப்பட்டியலிலேயே அவன் முயற்சி முழுவதும் செலவாகின்றது. தேர்வுக்கு ஆயத்தமாக வேண்டும் என்று பெரியோர் சொன்னதை அவன் உறுதியாகப் பற்றிக்கொண்டான். படிப்பதும் அதில் அடங்கும் என்பதை மட்டும் மறந்தான். நம் விடுதி அறைகளில் பிப்ரவரி மாதத்திற் காணப்பெறும் வண்ண மைக் கால அட்டவணைகளை அறிந்தோர் இப்பகுதியைப் படித்து அடக்கமாகவே சிரிப்பர்.

நான்காவது எள்ளல். பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்படுதலும் என இஃது இருவகைப்படும். நாவலில் இரண்டும் உள. ராஜத்தோடு சுவாமிநாதன் நெருங்கியதைப் பொறாத பழைய தோழர், அவனை ராஜத்தின் வால் என்று எள்ளுகின்றனர். அச்சொல்லைக் கரும்பலகையிற் பெரிய எழுத்தில் எழுதியும் வைக்கின்றனர். படிக்கும் நாம் முதலிற் சிரிக்கின்றோம். பின்னர், எவரும் தன்னோடு பேசாத பள்ளி முற்றத்தில் அச்சிறுவன் தனித்து நிற்பதைக் காண்கையிற் சிரிப்பு நின்றுவிடுகின்றது. சிரிக்க வைத்த செயலையே சற்று நேரங் கழித்து வருந்த வைப்பது இவ்வாசிரியர் கைவந்த முறை.

இதற்கு மற்றொரு சான்று பாட்டியின் எலுமிச்சம்பழம். கிரிக்கெட் ஆட விரைந்துகொண்டிருக்கும் சுவாமிநாதனிடம், வயிற்றுவலியால் வருந்தும் பாட்டி ஓர் எலுமிச்சம்பழம் வாங்கித் தருமாறு வேண்டுகின்றாள். அவன் நில்லாது ஓடிவிடுகின்றான். ஆட்டத்தின் நடுவில் அந்நினைவு வந்து அவனைக் குத்துகின்றது. பாட்டி நலமாகவே இருக்கின்றாள்; கதையில் இதனால் தீங்கொன்றும் விளையவில்லை. ஆயினும் வளர்ச்சி என்பது இங்கேதான் தொடங்குகின்றதென்று நாம் கருதுகின்றோம். பிரம்புக்கு அஞ்சி வருந்துதல் ஒன்று. எவரும் கடிந்து கூறாதபோதும் தானே வருந்துதல் மற்றொன்று. சுவாமிநாதன் முன்னதிலிருந்து பின்னதற்கு ஓரடி எடுத்து வைப்பதை ஓர் எலுமிச்சம்பழத்தைக்கொண்டு காட்டிவிடுகின்றார் ஆசிரியர்.

வேதபாட வகுப்பு

மிஷன் கல்லூரியின் மலரில் இந்நூலைப் பற்றி எழுதுவோர் கூறாது விடலாகாத பகுதி ஒன்றுண்டு. கதையின் தொடக்கத்திலேயே வேதபாட ஆசிரியர் எபனேசர் என்பார் இந்துக்களின் வழிபாட்டை வகுப்பில் இகழ்ந்து பேசுகின்றார். கண்ணன் வெண்ணெய் திருடியதைக் கிறிஸ்துவின் வாழ்க்கையோடு ஒப்பிட்டு ஏளனஞ் செய்கின்றார். சுவாமிநாதன் எழுந்து, அங்ஙனமாயின் கிறிஸ்து ஏன் சிலுவையில் அறையப்பட்டார் என்றும், ஊனும் மதுவும் உட்கொண்டது ஏன் என்றும் கேட்கின்றான். விடையாகக் கிடைத்தது காது திருகல். மறுநாள் தந்தையார் எழுதிய கண்டனக் கடிதம் தலைமையாசிரியர் கைக்குச் செல்கின்றது.

இது கற்பனை மட்டுமன்று. புரசைவாக்கத்தில் லூத்தரன் மிஷன் பள்ளியிற் பயின்ற காலத்துத் தாம் கேட்ட இத்தகைய ஏளனங்களை, 1974-இல் வெளியிட்ட ‘மை டேஸ்’ என்னும் தன்வரலாற்றில் நாராயண் குறித்துள்ளார். இதனைப் படிக்கையில் நம்மிற் சிலர் முகஞ் சுளிக்கலாம். சிலர் இஃது எங்கோ ஒரு காலத்து நிகழ்ந்ததென்று கடந்து செல்லலாம். இரண்டும் முறையல்ல. மிஷன் பள்ளிகள் இந்நாட்டுச் சிறுவர்க்குக் கல்விக்கண் திறந்தன என்பது உண்மை. அவ்வகுப்பறைகளிற் சில சிறுவர் உள்ளம் புண்பட்டது என்பதும் உண்மை. ஓர் உண்மை மற்றோர் உண்மையை அழிப்பதில்லை. தம்மை உருவாக்கிய நிறுவனங்களைப் பற்றிய நகையைத் தாங்கவல்லவரே அந்நிறுவனங்களுக்கு உண்மையான அன்பராவர்.

இதில் நாம் கவனிக்கத்தக்கது, ஆசிரியர் எபனேசரை வெறுக்கும்படி எழுதவில்லை என்பதே. அவர் கொடியவராகக் காட்டப்படவில்லை. சினத்தால் நிலை தவறியவராகவே காட்டப்படுகின்றார். மேலும், அதே வகுப்பில் சாமுவேல் இருக்கின்றான். பெயரால் கிறிஸ்தவச் சிறுவனென்று தோன்றும் இவனுக்கும் சுவாமிநாதனுக்கும் நட்பு உண்டாகக் காரணம் யாது? வீரமன்று, கல்வியறிவுமன்று. ஒரே பொருளைக் கண்டு இருவருக்கும் ஒரே நேரத்திற் சிரிப்பு வரும், அவ்வளவே. பெரியவர் ஒருவர் சமயத்தைக்கொண்டு பிரிக்க முயன்ற வகுப்பில், சிறுவர் இருவர் சிரிப்பினால் இணைந்திருந்தனர். பல சமயத்தாரும் பல வகுப்பாரும் ஒரே விடுதியில் உண்டு உறங்கும் நம் கல்லூரிக்கு இதனினும் வேண்டத்தக்க பாடம் வேறில்லை. சமயங்களைப் பற்றி நாம் நடத்தும் பட்டிமன்றங்கள் செய்யாத காரியத்தைச் சிற்றுண்டிச் சாலையில் எழும் ஒரு சிரிப்பொலி பலமுறை செய்திருக்கின்றது.

பிரிவு

இனி முடிவினைக் கூறுவோம். ராஜம் ஊரை விட்டுச் செல்லும் நாள் விடியற்காலையில் சுவாமிநாதன் புகைவண்டி நிலையம் செல்கின்றான். கையில் ஒரு புத்தகம். ஆண்டர்சன் என்பாரின் தேவதைக் கதைகள். தந்தையார் வாங்கித் தந்த அந்நூலில் அறியாத சொற்கள் மிகுதியாதலின் அவனால் அதனை நன்கு படிக்க இயன்றதில்லை. எனினும் அவனிடம் இருந்த நல்ல நூல் அதுவே. அதில் ராஜத்தின் பெயரை அன்போடு எழுதிக் கொணர்ந்திருக்கின்றான். நிலையத்திலோ ராஜம் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. சுவாமிநாதனுக்கு நா எழவில்லை. வண்டி நகர்கையில் மணியே புத்தகத்தை வாங்கி ராஜத்திடம் சேர்ப்பிக்கின்றான். ராஜம் ஏதோ கூறுகின்றான். வண்டியின் ஒலியில் அது கேட்கவில்லை. வண்டி மறைந்தபின், ராஜம் கடிதம் எழுதுவானா என்று சுவாமிநாதன் கேட்கின்றான். எழுதுவான் என்கின்றான் மணி. அது மெய்யா, ஆறுதலா என்று அறிய மணியின் முகத்தை உற்று நோக்குகின்றான். எப்போதும் எளிதிற் படிக்கக்கூடிய அம்முகத்தை அன்று அவனாற் படிக்க முடியவில்லை. கதை அங்கு முடிகின்றது.

ஆசிரியரின் உள்ளத்தில் மால்குடி முதன்முதல் ஒரு புகைவண்டி நிலையமாகவே தோன்றியது என்று முன்னர்க் கூறினோம். அவ்வூரின் முதற்கதை அந்நிலையத்திலேயே முடிகின்றது. அங்கு மன்னிப்பும் இல்லை. மன்னிப்பு இல்லை என்ற உறுதியும் இல்லை. நெடுகிலும் நம்மைச் சிரிக்க வைத்த நூல், இறுதி இரண்டு மூன்று பக்கங்களில் நம் தொண்டையை அடைத்துவிடுகின்றது. வள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீநட்பு, கூடாநட்பு என ஐந்து அதிகாரங்களை நட்பின் பொருட்டே வகுத்தார். அவற்றை மனப்பாடஞ் செய்து ஒப்பிக்கும் நாம், பழைமை என்னும் அதிகாரத்தின் பொருளை, அதாவது நெடுநாட் பழகியவர் பிழையைப் பொறுக்கும் கடமையை, ராஜத்தின் முகத்திருப்பத்தைக் கண்டபோதே உணர்ந்தோம்.

எம் அனுபவம் ஒன்றை இங்குக் கூறுதல் தவறாகாது. நாம் இந்நூலை முதலில் பள்ளிப் பருவத்திற் படித்தபோது கடைசி அதிகாரத்தை அத்துணைப் பொருட்படுத்தவில்லை. மாம்பழக் கணக்கையும் மணியின் தடியையுமே நினைவிற் கொண்டோம். பின்னர்க் கல்லூரி விடுதியில் எம்மோடு மூன்றாண்டு ஒரே அறையில் வாழ்ந்த நண்பர் ஒருவரோடு, கால்பந்தாட்ட அணித்தேர்வு காரணமாகப் பிணக்கு ஏற்பட்டது. இறுதித் தேர்வு முடிந்து அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட நாளில், நாம் அறையிலிருந்தும் இல்லாதவர்போல் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தோம். அந்நாளிதழின் ஒரு வரியேனும் இன்று நினைவில் இல்லை. அவர் வாயிலில் சற்று நின்றது மட்டும் நினைவிலிருக்கின்றது. ஓராண்டு கழித்து, நூலகத்தில் இந்நாவலைத் தற்செயலாக எடுத்து இறுதிப் பக்கங்களைப் படித்தோம். அன்றிரவே அவருக்குக் கடிதம் எழுதினோம். நான்கு முறை கிழித்து ஐந்தாம் முறை எழுதிய அக்கடிதத்தில் நம் பிழையை முழுதும் ஒப்புக்கொண்டு, இந்நாவலின் படி ஒன்றையும் சேர்த்து அனுப்பினோம். இரு வாரத்தில் மறுமொழி வந்தது. நூல் மிக நன்றாயிருந்ததாம். ஆனால் நாம் குறிப்பிட்டுள்ள பிணக்கு யாதென்று எவ்வளவு எண்ணியும் அவருக்கு நினைவு வரவில்லையாம். ஓராண்டு காலம் நாம் சுமந்த பாரத்தை அவர் விடுதி வாயிலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். நாராயண் இதனைக் கேட்டிருந்தால் மகிழ்ந்து சிரித்திருப்பார்.

படிக்கும் முறை

இந்நூலைப் படிக்க விரும்பும் இளைய மாணவர்க்குச் சில சொற்கள். இதன் ஆங்கிலம் எளியது. அகராதியை நாடி அடிக்கடி எழ வேண்டியதில்லை. முதன்முறை ஆராய்ச்சியின்றிப் படித்துச் சிரியுங்கள். இரண்டாம் முறை, ஒவ்வொரு சிரிப்பிற்குப் பின்னும் எவர் வருந்துகின்றார் என்று நோக்குங்கள். மூன்றாம் முறை, தந்தை, பாட்டி, ஆசிரியர் ஆகிய பெரியோரை மட்டும் கவனித்துப் படியுங்கள். அவர்களும் தம் அச்சங்களோடும் அன்போடும் நடமாடும் மாந்தரே என்பது அப்போது விளங்கும். 1986-ஆம் ஆண்டு சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரிலும் சுவாமிநாதனின் கதை இடம்பெற்றது. ஆசிரியரின் இளவல் ஆர். கே. லக்ஷ்மணின் ஓவியங்கள் அதனை அணிசெய்தன. அதனைக் கண்டவர் பலர், நூலைப் படித்தாயிற்று என்றே எண்ணிவிடுகின்றனர். கண்டது நன்று, படிப்பது இன்னும் நன்று. சுவாமிநாதன் மனத்திற்குள் எண்ணுவனவே நூலின் சுவையிற் பெரும்பகுதி. அவற்றைக் கண்ணாற் காண இயலாது.

ஆசிரியப் பெருமக்களும் இதனை ஒருமுறை படித்தல் நலம். பிரம்பும் காது திருகலும் இன்று பள்ளிகளிற் சட்டத்தால் விலக்கப்பட்டவை. ஆயினும் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து மாம்பழம் கனிந்ததா என்று எண்ணிக்கொண்டிருக்கும் சிறுவன் இன்றும் இருக்கின்றான். அவனை மந்தன் என்று குறித்து வைக்குமுன், அவன் எண்ணுவது யாதென ஒருமுறை கேட்டறிதல் தகும். தேர்வில் ஆங்கிலத்தில் தவறிய மாணவர் ஒருவர் பின்னர் என்ன செய்தார் என்பதை இக்கட்டுரையின் தொடக்கத்திற் கண்டோமன்றோ?

நம் கல்லூரி வாழ்வும் ஒரு புகைவண்டி நிலையமே. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்திற் பெட்டிகளும் படுக்கைகளும் விடுதி வாயிலில் வந்து நிற்கின்றன. அவ்வேளையில் எவரேனும் ஒருவர் கையிற் புத்தகத்தோடு, சொல்லெழாது நிற்றல் கூடும். நாம் ராஜமாக இருப்பின் முகத்தைத் திருப்பாது அதனை வாங்கிக்கொள்வோமாக. நாம் சுவாமிநாதனாக இருப்பின் மணியின் கையை எதிர்பாராது நாமே கொடுப்போமாக. அங்ஙனம் கொடுக்கத்தக்க நூல் எது என்று வினவுவோர்க்கு எம் விடை முன்னரே கூறப்பட்டது. நூலகத்தில் அதன் படி ஒன்று உண்டு. எம்மிடமும் ஒன்று உண்டு. இரவல் பெறுவோர் திருப்பித் தரவேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. வேறொரு நண்பருக்குக் கொடுத்துவிட்டால் அதுவே போதும்.